கார்ட் டி விசிட் = சீட்டுப்படம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறு அட்டையில் ஒட்டித் தந்த புகைப்படம்தான் கார்ட் டி விசிட். பிரெஞ்சில் 'விசிட்டிங் கார்டு' என்று பொருள். அதற்குத் தமிழில் 'வருகை அட்டைப்படம்' என்ற முன்மொழிவு வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அட்டைப்படம் என்றாலே வாரப் பத்திரிகையின் முகப்புதான் நினைவுக்கு வரும். 'சீட்டுப்படம்' என்று வைக்கலாம் என்கிறேன்.

1854-இல் பாரிசில் டிஸ்டேரி என்ற புகைப்படக்காரர் காப்புரிமை பெற்ற முறை இது. ஒரே கண்ணாடித் தகட்டில் வழக்கமாக எட்டுப் படங்கள் எடுத்து, தாளில் அச்சிட்டு, வெட்டி, சுமார் 64க்கு 100 மில்லிமீட்டர் அட்டையில் ஒட்டுவார்கள். சட்டைப்பையில் அடங்கும், தபாலில் போகும், விலையும் குறைவு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சாதாரணச் சிப்பாய்கூடச் சீருடையோடு ஸ்டூடியோவில் நின்று, வீட்டுக்கு ஒன்று அனுப்பிவிட்டுத்தான் களத்துக்குப் போனான்.

அது கைமாறும் பொருள் என்பதை மறக்கக் கூடாது. 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் இறந்துகிடந்த அமோஸ் ஹமிஸ்டன் என்ற வீரரின் கையில் அவருடைய மூன்று பிள்ளைகளின் கண்ணாடிப் படம் இருந்தது. அவர் பெயர் அப்போது யாருக்கும் தெரியவில்லை. செய்தித்தாளில் படம் அச்சிட முடியாத காலம். பிள்ளைகளின் உடையையும் தோற்றத்தையும் எழுத்தில் விவரித்தார்கள். அப்புறம் அந்தப் படத்தின் சீட்டு நகல் மனைவியிடம் போய்ச் சேர்ந்தபோதுதான் ஆள் யாரென்று தெரிந்தது. 'வருகை' என்ற சொல்லில் இந்தப் பயணம் இல்லை.

எங்கள் பாட்டி வீடு கண்ணமங்கலம் பக்கம். கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்லும் வட்டாரம். அங்கே தாத்தாவின் படம் ஒன்று உண்டு. காலத்தால் பிந்தியது, போஸ்ட்கார்டு அளவு. படுதாவில் வரைந்த மாடிப்படி, பக்கத்தில் டீப்பாய், அதன்மேல் விறைப்பாக ஒரு கை. லீவு கிடைக்காததால் பெண் பார்க்க அவர் வரவில்லை, படம்தான் வந்தது. "உங்க தாத்தாவ நான் மொதல்ல பாத்ததே இதுலதான்" என்பார் பாட்டி. எத்தனை பேர் கைபட்டதோ, மூலைகள் மழுங்கி, ஓரத்தில் மஞ்சள் விரல்ரேகை ஒன்று படிந்திருக்கிறது.

ஆள் வராமல் படம் வந்ததால் 'வருகை' சரிதானே என்று கேட்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் பாட்டியிடம் "வருகை அட்டை" என்றால் புரியாது, சீட்டு என்றால் புரியும். சீட்டாட்டம் நினைவுக்கு வருமே என்றால், வரட்டும். அளவு கிட்டத்தட்ட அதுதான்.

இதை ஒட்டி, இதேபோல அட்டையில் ஒட்டிய, ஆனால் அளவில் பெரிய கேபினெட் கார்டைப் 'பெருஞ்சீட்டுப்படம்' எனலாம். உலோகத் தகட்டிலேயே எடுக்கும் டின்டைப்புக்குத் 'தகரப்படம்' வேண்டாம். பெயரில் 'டின்' இருந்தாலும் அது இரும்புத் தகடு, 'இரும்புத்தகட்டுப் படம்' என்றே சொல்வோம். சிப்பாய்களின் ஸ்டூடியோ படங்களுக்குப் பொதுப்பெயராக, பாட்டி சொல்லும் 'பட்டாளத்துப் படம்' எனக்குப் போதும். 'படைவீரர் உருவப்படம்' என்பதில் அந்த வீடு இல்லை.

பின்னால் தொங்கும் திரைக்குப் 'படுதா' என்றே எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் என்ன சொல்வார்கள்?