அமெரிக்க சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவில் அட்டர்னி பக்கத்தில் இருந்தாரா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பரமக்குடி பையன்

ஓத் (சத்தியப்பிரமாணம்) எல்லாம் முடிந்து சர்டிபிகேட் கைக்கு வந்தாயிற்று. ஆனாலும் இன்டர்வியூவில் கேட்ட ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

என்-400 என்கிற சிட்டிசன்ஷிப் மனு, கிரீன் கார்டோடு ஐந்து வருஷம் இருந்த கணக்கு, ஒரேயடியாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கக் கூடாது என்கிற விதி எல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததில் ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கும்படி ஆகிவிட்டது. ஒரு வருஷம் ஆகவில்லை. ரீ-என்ட்ரி பர்மிட் எடுத்துத்தான் போனேன். அது கிரீன் கார்டைத்தான் காப்பாற்றும், சிட்டிசன்ஷிப்புக்கு அதை வைத்து ஒன்றும் பேச முடியாது என்று அட்டர்னி முதல் போனிலேயே சொல்லிவிட்டார். ஆறு மாதம் தாண்டினால் இங்கே குடியிருப்பது அறுந்துபோனதாகவே எடுத்துக்கொள்வார்கள், அறுக்கவில்லை என்று காட்டுவது நம் பாடு. அபார்ட்மென்ட் லீஸ், கார் இன்சூரன்ஸ், ஆபீஸ் லீவு கடிதம், பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டு, ஐஆர்எஸ் (வரித்துறை) டிரான்ஸ்கிரிப்ட், மதுரை ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி என்று தடியாக ஒரு ஃபைல் போட்டுக் கொடுத்தார். அந்த வேலைக்கு அவரை நூறு முறை கும்பிடலாம்.

ஆபீசர் அம்மா ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் டிஸ்சார்ஜ் சம்மரியில் நின்றார். நிமிர்ந்து பார்த்து, "உங்கள் அப்பாவைக் கவனிக்க அங்கே வேறு யாருமே இல்லையா?" என்றார்.

அக்கா இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாள். "அக்கா இருக்கிறார்" என்றேன். அவர் எதையோ டைப் அடித்தார். நீளமாக அடித்தார். நான் அட்டர்னியைப் பார்த்தேன். அவர் தன் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்புறம் ஆபீசர் ரிப்போர்ட் கார்டை எடுத்தார், பிள்ளைகள் எந்த கிரேடு என்று கேட்டார், அவ்வளவுதான். பாஸ்.

வெளியே பார்க்கிங்கில் அட்டர்னியிடம் கேட்டேன். "அப்ளிகன்டிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது. குறுக்கே விழுந்திருந்தால் அதுவே பெரிதாகியிருக்கும்" என்றார். சரி, இருக்கலாம். ஆனால் அந்தம்மா ஃபைலுக்காகக் கேட்டாரா, இல்லை ஒரு மகளாகக் கேட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உங்களில் யாரிடமாவது இப்படிக் கேட்டார்களா? அப்போது உங்கள் அட்டர்னி என்ன செய்தார்?

டல்லாஸ் தனிக்காட்டு ராஜா

டையைப் பார்க்கவா அவருக்குக் காசு கொடுத்தீர்கள்? ஆன்லைனில் போட்டால் 710 டாலர், பேப்பரில் போட்டால் 760. அதோடு செலவு முடிந்தது. நானே போட்டேன், நானே போனேன். அமெரிக்க வரலாறு, அரசு பற்றிய 10 கேள்வியில் 6 சரியாகச் சொன்னால் போதும், முதல் ஆறும் சரியானதும் ஆபீசர் நிறுத்திவிட்டார். இங்கிலீஷில் வாசிக்க ஒரு வரி, எழுத ஒரு வரி. பயமுறுத்திக் காசு பார்ப்பதுதான் நடக்கிறது.

எனக்கு மறக்காதது பெயர் மாற்றம். நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இருக்கும் தொல்லைதான். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, விசாவில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம்). லைசென்ஸ், பேங்க், ஆபீஸ் பேட்ஜ் எல்லாவற்றிலும் அதேதான். என்-400-இலேயே புதுப் பெயர் கேட்டு எழுதலாம். ஆனால் அப்படிக் கேட்டால் ஓத் நீதிபதி முன்னால்தான் நடக்கும், கோர்ட் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டிருந்தேன். நீதிபதி என் பெயர் வந்ததும் தடுமாறி நிறுத்தி, நீங்களே சொல்லுங்கள் என்றார். அப்பா பெயரை நான் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமே இல்லை. வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம். அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார், தப்பாகத்தான். பரவாயில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது தடவையும் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மானிப்பாய்க்காரி

டல்லாஸ் தம்பி, உங்களுக்கு அது ஒரு ஃபோர்ம். எல்லாருக்கும் அப்படி இல்லை.

நான் அசைலம் (அடைக்கலம்) கேட்டு வந்தவள். ஏதாவது அமைப்புக்குப் பணமோ பொருளோ கொடுத்தீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறதே, நீங்கள் எல்லோரும் 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டுப் போயிருப்பீர்கள். 1990-இல் வீட்டுக்கு இரண்டு பவுன் என்று இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், கேட்டது. அம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தா. நான் சின்னப் பிள்ளை, கூடப் போனேன். தந்த ரசீதை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தவ. இயக்கத்தை அமெரிக்கா பயங்கரவாதப் பட்டியலில் போட்டது 1997-இல்தான். ஆனால் சட்டம் அதற்கு முந்தியதையும் தோண்டும். மெட்டீரியல் சப்போர்ட் (பயங்கரவாத அமைப்புக்குப் பொருளுதவி) என்ற ஒரே சொல்லில் என் கிரீன் கார்ட் வருஷக்கணக்காக அசையாமல் கிடந்தது. மிரட்டலுக்குப் பயந்து கொடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு என்று லோயர் எழுதி எழுதித்தான் அது வந்தது.

சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவுக்கு முதல் நாள் லோயர் என்னை இருத்தி வைத்துச் சொன்னது ஒன்றே ஒன்று: அசைலத்தில் என்ன சொன்னீர்களோ அதையே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இத்தனை வருஷத்தில் நினைவு மாறிப்போகும்தானே? பழைய வாக்குமூலத்தை எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார். வாசிக்கையில் அழுகை வந்தது, அது வேறு கதை.

அடுத்த நாள் ஆபீசர் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, "விரும்பிக் கொடுத்தீர்களா?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. லோயர் பதில் சொல்லவில்லை. அவர் செய்தது, தன் ஃபைலைத் திறந்து விலக்குக் கிடைத்த கடிதத்தை மேசையில் ஆபீசர் பக்கமாகத் திருப்பி வைத்ததுதான். ஆபீசர் அதை இரண்டு தரம் வாசித்தார். நான் அந்த நேரத்தில் மூச்சை எடுத்துக்கொண்டு, "இல்லை, கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது" என்றேன்.

அன்றைக்கு முடிவு தரவில்லை. பிறகும் கடிதம் வரவில்லை. இன்டர்வியூ நடந்து 120 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக உரிமை உண்டு. லோயர் மனுவை எழுதி, போடப் போகிறோம் என்று ஒரு பிரதியை அனுப்பினார். அதற்குப் பிறகுதான் ஓத் கடிதம் வந்தது.

பரமக்குடித் தம்பி, உங்களுடைய லோயர் பேசாமல் இருந்தது பிழை இல்லை. என்ன தாளைக் கொண்டுவந்து வைத்திருந்தார் என்று பாருங்கள்.

எடிசன் பெரியப்பா

என் ஓத் முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. கிரீன் கார்டை வாங்கிப் பெட்டியில் போட்டார்கள், நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் கதை அவ்வளவுதான்.

தம்பி, நீ கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், ஓத் முடிந்தவுடன் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். நீ கை தூக்கிச் சத்தியம் செய்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போய்விட்டது. 1955-ஆம் வருஷச் சட்டம் அப்படி. இந்திய பாஸ்போர்ட்டில் இன்னும் ஐந்து வருஷம் பாக்கி இருக்கிறதே என்று அதில் டிக்கெட் போட்டு ஊருக்குப் போகாதே, அபராதம் கட்ட வேண்டி வரும். முதலில் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடு, லேமினேட் செய்யாதே. அதை வைத்து அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடு. ஒரிஜினலைத்தான் அனுப்பச் சொல்வார்கள், திரும்பி வரும், பயப்படாதே. அனுப்பும் முன் கலர் காப்பி எடுத்து வை. பாஸ்போர்ட் வந்ததும் பழைய பாஸ்போர்ட்டை சரண்டர் செய்து சர்டிபிகேட் வாங்கு, அதற்கப்புறம் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்கான அட்டை). அது இல்லாமல் அவசரத்துக்கு ஊருக்குப் போக விசா கேட்டு அலைய வேண்டும். அப்பா உடம்பு இருக்கும் நிலையில் இதைத் தள்ளிப்போடாதே.

அடுத்தது பிள்ளைகள். 18 வயதுக்குள், கிரீன் கார்டோடு, உன்னோடு இங்கே வசித்தால் அவர்களும் அன்றைக்கே சிட்டிசன் ஆகிவிட்டார்கள், தனியாக என்-400 வேண்டாம். பாஸ்போர்ட் எடுத்துவிடு. பெரியவன் 18-ஐத் தாண்டியவன் என்றால் கதையே வேறு. அவன் 26 வயது ஆகும் முன் செலக்டிவ் சர்வீஸில் (ராணுவத் தேவைக்காக ஆண்கள் பெயர் பதியும் பட்டியல்) பதிந்திருக்கிறானா என்று பார். எச்-4 என்கிற குடும்ப விசாவில் இருந்தவரை வேண்டாம் என்பார்கள், கிரீன் கார்டு வந்தபின் கட்டாயம். பையன்களுக்கு அவர்களுடைய இன்டர்வியூவில் இதைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் நிலம். ஓசிஐ வைத்துக்கொண்டு வயல், தோட்டம் விலைக்கு வாங்க முடியாது. அப்பா வழியில் வருகிறது என்றால் வைத்துக்கொள்ளலாம். ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் எடுக்கச் சொல். சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்கு ஒரு நடை போய் சிட்டிசன் என்று மாற்று. இன்னும் இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

பரமக்குடி பையன்

பெரியப்பா, நன்றி. நிலம் எல்லாம் ஒன்றும் இல்லை. நான் கேட்டது அட்டர்னியைப் பற்றி!

மானிப்பாய் அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் படித்தேன். என் ஃபைலில் டிஸ்சார்ஜ் சம்மரிக்குக் கீழே அக்காவின் கடிதம் ஒன்றும் இருந்தது. அவளுக்கு அப்போது மகள் பிரசவம், தம்பிதான் பார்த்தான் என்று நோட்டரி வைத்து எழுதியது. அட்டர்னி கேட்டு வாங்கியது. ஆபீசர் அந்தத் தாள் வரைக்கும் புரட்டவே இல்லை.

அம்மாவுக்கு டிரைவர்

எங்கள் அம்மா கதை. கிரீன் கார்டு வாங்கிப் பதினைந்து வருஷம் தாண்டிவிட்டது, வயது அறுபது. இங்கிலீஷ் படித்தால்தான் மனுப் போட முடியும் என்று ஒரு கன்சல்டன்ட் சொல்லி, அம்மா ஏபிசிடி எழுதிக்கொண்டிருந்தார். அட்டர்னியிடம் போனதும், 55 வயது, 15 வருஷக் கிரீன் கார்டு இருந்தால் இங்கிலீஷ் பரீட்சையே கிடையாது, வரலாற்றுக் கேள்விகளைத் தமிழில் சொல்லலாம், துபாஷி கூட்டிப் போகலாம் என்றார். அம்மா அன்றைக்கே நோட்டைத் தூக்கிப் போட்டார்.

கேள்விகள் எல்லாம் சரளமாகப் போயின. சத்தியப்பிரமாணப் பகுதியில்தான் வந்தது வினை. சட்டம் கேட்டால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா என்று ஆபீசர் கேட்க, துபாஷி தமிழில் சொல்ல, அம்மா அவரைப் பார்த்து, "என்னையா? முட்டி வலியோட நான் எங்க போய் சண்டை போடறது? வேணும்னா வர்றவங்களுக்குச் சமைச்சுப் போடறேன்" என்றார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன், இதெல்லாம் அட்டர்னி பிறகு சொன்னது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டதாம், அந்தக் கேள்விக்குப் பொதுவாக ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். துபாஷி ஒரு வார்த்தை விடாமல் அப்படியே மொழிபெயர்த்துவிட்டார், முட்டி வலி உட்பட. ஆபீசர் சிரிக்காமல் அடுத்த கேள்விக்குப் போனார்: ஆயுதம் இல்லாத பணி செய்வீர்களா? அட்டர்னி, "அதற்குத்தான் அவர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்" என்றாராம். அப்புறம்தான் ஆபீசர் சிரித்தார். முதல் கேள்வியைத் திரும்பக் கேட்டபோது அம்மா, "சட்டம் சொன்னா சரி" என்று முடித்துவிட்டார்.

டல்லாஸ் தனிக்காட்டு ராஜா

மானிப்பாய் அக்கா, நான் சொன்னது நேரான கேஸுக்கு. ஆனாலும் சொன்ன விதம் சரியில்லை, புரிகிறது. அம்மாவுக்கு டிரைவர், அந்த அட்டர்னிக்கு நானே காசு கொடுப்பேன்.

சனிக்கிழமை வகுப்பு

நூலகத்தில் சிட்டிசன்ஷிப் வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். ஒரு சென்னை மாமி பழைய 100 கேள்விகளையும் தலைகீழாக ஒப்பிப்பார், கேள்வியை முடிக்கவே விடமாட்டார். மனுப் போட்ட தேதி என்ன என்று பேச்சுவாக்கில் கேட்டேன். நவம்பர் என்றார், 2025. அப்படியானால் இந்தப் பழைய கேள்விகள் உங்களுக்கு இல்லை என்றேன். கையில் இருந்த அட்டைக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார் பாருங்கள், நான்தான் சட்டத்தை மாற்றியவன் மாதிரி.

2025 அக்டோபர் 20 முதல் மனுப் போட்டவர்களுக்குப் புதுப் பரீட்சை. மொத்தம் 128 கேள்வி, அதில் 20 கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். 9 தப்பானால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். 65 வயது ஆகி, 20 வருஷக் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் பழையபடி 10-இல் 6, அதுவும் 20 கேள்வி கொண்ட தனிப் பட்டியலிலிருந்து.

ராஜா, உங்கள் பதிவில் அந்த ஆறு கணக்கைத் திருத்திவிடுங்கள். யாராவது நம்பிப் போய்விடப் போகிறார்கள்.