லொள்ளு சபா பதிவுகள்: பூஞ்சை பிடித்த கேசட், படிக்க மறுக்கும் சிடி. எதில் கை வைப்பது?

முதுநகர்_கேசட்:

விஜய் டிவியில் சினிமாப் படங்களைக் கலாய்த்த நகைச்சுவை நிகழ்ச்சி லொள்ளு சபா. அதன் ரசிகர்கள், ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் இருந்த காலத்தில், கம்ப்யூட்டரில் டிவி ட்யூனர் கார்டு (டிவி சிக்னலைப் பதியும் அட்டை) வைத்துப் பிடித்து, சிடியில் எழுதிக் கைமாற்றிக்கொண்ட பதிவுகள் ஒரு பெட்டி நிறைய கடலூர் முதுநகரில் இருக்கின்றன. 41 சிடி, 7 விஎச்எஸ் கேசட். சிடிகளில் பாதி விசிடி, மீதி ஏவிஐ, எம்பெக் ஃபைல்கள் எழுதிய டேட்டா சிடி. கேசட் எல்லாம் ஈ-180.

தானே புயலில் பெட்டியின் ஒரு பக்கம் நனைந்தது. நான்கு கேசட்டில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் ஓரத்தில் கோலமாவு தூவினாற்போல் வெள்ளை. டேட்டா சிடிகள் பாதி காப்பியில் நின்றுவிடுகின்றன. விசிடி ஒன்றை லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கிலிருந்து முடிந்தவரை காப்பி எடுக்கும் மென்பொருள்) போட்டால் முதல் நிமிடத்திலிருந்தே எர்ரர். ஆனால் அதே டிஸ்க் பிளேயரில் ஓடுகிறது!

எந்த சிடியில் எந்த எபிசோட் என்ற பட்டியல் ஆர்குட் கம்யூனிட்டியில்தான் இருந்தது. மிச்சமிருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் இப்போது குட்மார்னிங் மட்டும்தான். சிடியா கேசட்டா, எதை முதலில் எடுப்பது? பட்டியலை மீட்க வழி உண்டா?

லாஸ்பேட்டை_லேசர்:

சிடி முதலில். காய்ந்த பெட்டியில் வைத்தால் கேசட் இன்னும் ஆறு மாதம் தாங்கும். சிடியில் தகவலைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சாயப் பூச்சு. அது வெளுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே இருக்கும் உலோகப் பூச்சில் உப்புக்காற்று ஏறினால் முடிந்தது.

டிஸ்க்கைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது. எந்த டிரைவும் படிக்காது. பலரும் அடிப்பக்கத்தைப் பாதுகாத்துவிட்டு மேல்பக்கத்தைக் கீறிவிடுவார்கள். ஆபத்து மேலேதான், அங்கே மெல்லிய லாக்கர் மட்டுமே காவல். பேப்பர் லேபிள் ஒட்டியிருந்தால் உரிக்கவே உரிக்காதீர்கள், பூச்சும் சேர்ந்து வந்துவிடும். அடிப்பக்கத்தைக் கழுவ காய்ச்சி வடித்த நீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பருத்தித் துணி போதும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். வட்டக் கீறல் தடத்தோடே ஓடுவதால் திருத்தக் குறியீட்டால் (படிக்கமுடியாத பைட்டுகளைச் சரிசெய்ய டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும் கூடுதல் தகவல்) சமாளிக்க முடியாது.

இனி உங்கள் விசிடி மர்மம். டிஸ்க் கெடவில்லை. டேட்டா சிடியில் ஒரு செக்டர், அதாவது டிரைவ் ஒரே மூச்சில் படிக்கும் துண்டு, 2048 பைட். விசிடியின் வீடியோப் பகுதியில் 2324 பைட். கூடுதல் திருத்தக் குறியீட்டைக் கழித்துவிட்டு அந்த இடத்திலும் படத்தை நிரப்பியிருப்பார்கள். டிடிரெஸ்க்யூ 2048 கணக்கில் கேட்பதால் எல்லா இடத்திலும் எர்ரர் காட்டுகிறது. விசிடிக்கு லினக்ஸில் விசிடிஎக்ஸ்ரிப், விண்டோஸில் ஐசோபஸ்டர். விசிடியில் தெரியும் டேட் (.dat) வீடியோ ஃபைலை மவுஸால் இழுத்துப் போடாதீர்கள், ஒரு கீறலில் மொத்தக் காப்பியும் நின்றுவிடும். விசிடியில் கீறல் என்றால் கட்டம் கட்டமாக ஓரிரு நொடி படம் உடையும், அவ்வளவுதான்.

டேட்டா சிடிக்கு டிடிரெஸ்க்யூதான் சரி. எந்த இடம் படித்தாயிற்று, எது பாக்கி என்று அது குறித்துவைக்கும் மேப் ஃபைலைக் கட்டாயம் கொடுங்கள். முதல் சுற்றில் மோசமான இடங்களைத் தாண்டிப் போக விடுங்கள், இரண்டாம் சுற்றில் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். பிறகு அதே மேப் ஃபைலை வைத்துக்கொண்டு டிஸ்க்கை வேறு டிரைவில் போடுங்கள். ஒரு லேசர் விட்ட இடத்தை இன்னொன்று படிக்கும். யுஎஸ்பி ஸ்லிம் டிரைவைவிட டெஸ்க்டாப்பிலிருந்து கழற்றிய பழைய டிவிடி ரைட்டர் தேவலை. 41 சிடியும் சேர்ந்தாலும் 33 ஜிபியைத் தாண்டாது, ஒரு பென் டிரைவ் போதும்.

ஹெட்_க்ளீனர்_பாண்டி:

கேசட் விஷயத்தில் ஒரே விதி: வெள்ளை தெரிகிற எதையும் விசிஆருக்குள் தள்ளாதீர்கள். பூஞ்சை, டேப்பைப் படிக்கும் ஹெட்கள் பொருத்திய சுழலும் ஹெட் டிரம்மில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் போகும். டேப் ஒட்டிக்கொண்டிருந்தால் முதல் சுற்றிலேயே அறுந்துவிடும்.

காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடுங்கள். கடலூர் கார்த்திகை ஈரத்தில் இது வேலைக்காகாது, மாசி பங்குனியில் செய்யுங்கள். பிறகு கேசட்டைக் குப்புறப் போட்டால் ஐந்து ஸ்க்ரூ. கழற்றும் முன் உள்ளே டேப் போகிற பாதையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன உருளைகள் தெறித்து ஓடினால் எது எங்கே என்று தெரியாது. காய்ந்த பூஞ்சையை மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே வைத்துத் துடையுங்கள். இதற்கென்று ஒரு உடைசல் விசிஆரை ஒதுக்கி, அதில் ஒருமுறை முழுக்க ஃபார்வர்டும் ரீவைண்டும் செய்த பிறகே நல்ல மெஷினில் ஓட்டவேண்டும்.

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய விசிஆர் கண்ணில் பட்டால், கரன்ட் கொடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகியிருக்கும், அல்லது ஐட்லர் (டேப் சுருளைச் சுற்றவைக்கும் ரப்பர் சக்கரம்) கல்லாகியிருக்கும். ரீவைண்ட் முக்கி முனகினால் விட்டுவிடுங்கள். வாங்கியதும் வேண்டாத கேசட்டைப் போட்டுப் பாருங்கள்.

ஹெட்டுக்கு 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மெடிக்கலில் விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம். காதுக்குச்சிப் பஞ்சும் வேண்டாம், இழை ஹெட்டில் மாட்டினால் ஹெட்டே பெயர்ந்துவிடும். ஷாமி தோலை (மெல்லிய, இழை விடாத துடைக்கும் தோல்) அந்த ஆல்கஹாலில் நனைத்து டிரம்மில் லேசாக ஒட்டிப் பிடித்துக்கொண்டு, டிரம்மைத்தான் கையால் சுற்றவேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும்.

கம்ப்யூட்டரில் பிடிக்கும்போது 720க்கு 576 பிக்சல், நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ் (ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரித்துப் பதியும் முறை) அப்படியே இருக்கட்டும், ஹஃப்ஒய்யூவி மாதிரி இழப்பில்லாத கோடெக். மணிக்குச் சுமார் 30 ஜிபி ஆகும். ஈ-180 மூன்று மணி நேரம், ஏழு கேசட்டுக்கு 21 மணி, 630 ஜிபி. எனவே 1 டிபி டிஸ்க். எல்பி வேகத்தில் (டேப் பாதி வேகத்தில் ஓடும் முறை) பதிந்திருந்தால் இது இரட்டிப்பாகும். மலிவு யுஎஸ்பி கேப்சரில் ஆடியோ தள்ளிப்போவதற்குக் காரணம், டேப் ஆட்டத்தில் கார்டு ஃபிரேமை விடுவது. பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் போட்டு சிக்னலைக் கடத்தினால் பெரும்பாலும் நேராகிவிடும்.

முதுநகர்_கேசட்:

நன்றி அண்ணே. விசிடிஎக்ஸ்ரிப்பில் இரண்டு டிஸ்க் முழுசாக வந்துவிட்டது. நடுவில் வரும் விளம்பரங்களை வெட்டிவிடலாமா? ஒரு எபிசோடுக்கு கால் மணி நேரம் மிச்சமாகும்.

இடைவேளைக்குப்பின்:

வெட்டாதீர்கள் தலைவரே! இணையத்தில் சுற்றுகிற எபிசோடுகள் உங்கள் விசிடியைவிடத் தெளிவாகவே கிடைக்கலாம். எங்கும் கிடைக்காதது அந்த விளம்பரமும் கீழே ஓடும் ஸ்க்ரோலும்தான். தேதி கண்டுபிடிக்கவும் அதுதான் வழி. 'இன்று முதல்' என்று பட விளம்பரம் வந்தால் கிட்டத்தட்ட நாளே தெரிந்துவிடும். சுனாமி நிவாரணம் பற்றி ஏதாவது ஓடினால் 2004 டிசம்பர் 26-க்குப் பிந்தையது. கலாய்த்த படத்தின் ரிலீஸ் தேதியை மட்டும் நம்பவேண்டாம், பழைய படங்களையும் அவர்கள் விடவில்லை. நாயகன் வேடத்தில் சந்தானம் என்றால் முந்தைய காலம், ஜீவா என்றால் பிந்தையது. சாமிநாதனையும் மனோகரையும் வைத்து எதுவும் சொல்லமுடியாது, எப்போதும் இருப்பார்கள். மறுஒளிபரப்பு குழப்பமும் உண்டு. அப்போது பழைய எபிசோடுக்குள் புது விளம்பரம் வரும், இரண்டு தேதியையும் எழுதி வையுங்கள்.

பட்டியலை ஆர்குட்டில் தேடிப் பயனில்லை. 2014 செப்டம்பர் 30-ல் மூடினார்கள், பொது கம்யூனிட்டிகளைக் கொஞ்ச காலம் காட்சிக்கு வைத்திருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். அதில் இருந்த ரேபிட்ஷேர் (ஃபைல் பகிரும் தளம்) லிங்குகளும் 2015 மார்ச் 31-ஓடு போயின. சிடி கவரின் உள்பக்கத் தாள், மார்க்கரில் எழுதிய எண், டேட்டா சிடியில் ஃபைல் உருவான தேதி, இவைதான் பட்டியலின் மிச்சம். கவரைத் தூக்கிப்போடும் முன் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். பழைய ஜிமெயிலில் 'ஆர்குட்' என்று தேடினால் அறிவிப்பு மெயில்களில் துண்டு துக்கடா கிடைக்கலாம்.

குரூப்பில் முழு வீடியோவைப் போட்டால் ஒருத்தரும் திறக்கமாட்டார்கள். அடையாளம் தெரியாத எபிசோடிலிருந்து 20 நொடி வெட்டி, 'இது எந்தப் படத்துக்கு அடிச்சது?' என்று மட்டும் கேளுங்கள். நாலு பேர் தப்பாகச் சொல்வார்கள், அதைத் திருத்த ஐந்தாவது ஆள் வருவார். உரிமை சேனலுடையது, யூடியூபில் மொத்தமாக ஏற்றினால் ஸ்ட்ரைக் (காப்புரிமை எச்சரிக்கை) வாங்குவீர்கள். பட்டியலை மட்டும் எல்லோரும் எழுதும்படி ஷீட்டில் திறந்து விடுங்கள். ஃபைல் பெயர் சிடி எண்ணில் தொடங்கட்டும், படப் பெயரில் வேண்டாம். படப் பெயர் நாளை மாறும், மார்க்கர் எண் மாறாது.