எல்டோரா டிரக் மாடலில் களிமண் நிற்கவே இல்லை, வழி சொல்லுங்கள்

ஓஹையோவின் எல்டோரா ஸ்பீட்வேயில் 2013 முதல் 2019 வரை ஆண்டுதோறும் நடந்த நாஸ்கர் (அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு) பிக்கப் டிரக் பந்தயத்தை, ஜெயித்த ஏழு வண்டிகளாக 1/24 அளவில் செய்து அலமாரியில் நிறுத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அரை மைல் களிமண் தளம், 150 சுற்று. 1970க்குப் பிறகு நாஸ்கரின் தேசியத் தொடர் ஒன்று முதன்முறையாக மண்ணில் ஓடியது அங்கேதான், முதல் வருடம் ஆஸ்டின் டில்லன் ஜெயித்தார். மண் இல்லாமல் அந்த வண்டிகளுக்கு அர்த்தமே இல்லை.

இப்போது கையில் இருப்பது 2018-ல் கிராண்ட் என்ஃபிங்கரை 0.038 நொடியில் முந்திய சேஸ் பிரிஸ்கோவின் ஃபோர்டு எஃப்-150. பிளாஸ்டிக் பாடி, அக்ரிலிக் பெயிண்ட், மேலே பளபளப்பு வார்னிஷ். மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன்.

சலித்த களிமண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பூசினேன், இரண்டே நாளில் வெடித்து உதிர்ந்தது. வெள்ளைப் பசை கலந்தேன், ஒட்டியது, ஆனால் காய்ந்ததும் மண்ணே பளபளக்கிறது, கதவில் உள்ள 27 என்ற எண்ணும் மங்கிவிட்டது. அப்புறம் வண்ணப்பொடி தூவிப் பார்த்தேன், தொட்டாலே கையோடு வந்துவிடுகிறது.

ஸ்டிக்கர் கெடாமல், காய்ந்த பிறகும் பளபளப்பு இல்லாமல், சக்கர வளைவிலும் பக்கவாட்டிலும் களிமண் நிலையாக ஒட்டி நிற்க எதைக் கலக்க வேண்டும்?