மகன் பக்கத்தில் இருந்தால் அப்பா எப்படிச் சொல்வார்?

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது என மனநலப் பணியில் இருக்கும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோமே, இங்கே சிங்கப்பூரில் நடந்த ஒன்றை நானும் சொல்கிறேன். ஆள் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மனைவி இறந்ததிலிருந்து சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை என்று ஒரு பெரியவரை மகன் அழைத்து வந்தார். நான் எதைக் கேட்டாலும் பதில் மகனிடமிருந்துதான் வருகிறது. "அப்பாவுக்கு அந்த மாதிரி நினைப்பெல்லாம் கிடையாது மேடம்." தற்கொலை ஆபத்தை மதிப்பிடும் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டு அனுப்பியிருக்கலாம், யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. மகனைக் கீழே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரச் சொன்னேன்.

அப்புறம் நேராகவே கேட்டேன்: "ஐயா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் நம் தொழிலிலேயே இருக்கிறார்கள், ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. அவர் திருப்பிக் கேட்டது என்ன தெரியுமா? "சொன்னா போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்பீங்களா?"

தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு நீக்கப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி இங்கே குற்றமே இல்லை. இந்தச் செய்தி அவர் வயதுக்காரர்கள் பலருக்குப் போய்ச் சேரவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் போலீஸ் வரலாம், ஆனால் அது காப்பாற்றத்தான், வழக்குப் போட அல்ல என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பேசினார். எண்ணம் மட்டுமில்லை, வழியும் யோசித்து வைத்திருந்தார். மகனிடம் எதைச் சொல்லலாம் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு, அன்றைக்கே புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவுக்கு இருவரையும் அனுப்பினேன்.

வீடு திரும்பிய பிறகு குடும்பம் 'அப்பாடா' என்று உட்கார்ந்துவிடும், ஆனால் மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்கள்தான் ரொம்ப ஆபத்தானவை. அதனால் மாத்திரைகளை மருமகள் வைத்திருப்பது, ராத்திரியில் மனசு கனத்தால் முதலில் யாரை எழுப்புவது, யாரும் எடுக்காவிட்டால் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் அவர் கையாலேயே எழுத வைத்தேன்.

---

அக்கா, படிவத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு ஒன்று. எங்கள் இடத்தில் இன்னமும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கட்டம்தான். ஆபத்தை அப்படிப் பிரித்து, யாருக்குச் சிகிச்சை என்று முடிவு செய்யக்கூடாது என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி 2022இலேயே சொல்லிவிட்டது. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு 'குறைவு' என்று குறித்திருந்தார்கள், தேர்வு முடிவு வந்த அன்று அந்தக் குறிப்புக்கு அர்த்தமே இல்லாமல் போனது. நல்லவேளை, பையன் தானாகவே போன் செய்தான். இப்போது கட்டத்தை நிரப்பினாலும், கீழே 'எது நடந்தால் நிலைமை மாறும்' என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிறேன். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.