உயிருள்ள மூளையை நுண்ணோக்கியில் பார்க்கச் சுண்டெலியின் மண்டையோட்டில் கண்ணாடிச் சன்னல் வைத்தவர்களே, மனதை விட்டுப் போகாத நாள் எது?

கவட்டைக்குழாய்:
எனக்கு அறுவைக்குப் பின் 41-ஆம் நாள். 3 மி.மீ. சன்னல், பார்வையைக் கவனிக்கும் மூளைப் புறணி, செல் இயங்கும்போது ஒளிரும் ஜிகேம்ப்6 புரதம். அதுவரை அதே செல்களைத்தான் தொடர்ந்து பார்த்துவந்தேன். அடையாளத்துக்கு மேற்பரப்பில் கவட்டை போலப் பிரியும் ஒரு ரத்தக்குழாய்; அது கிடைத்தால் மற்றதெல்லாம் பொருந்திவிடும். அன்று லென்ஸை இறக்கினால் கவட்டையில் ஒரு கிளையைக் காணோம். ஓரத்திலிருந்து பாலாடை மாதிரி வெள்ளையாக ஏறி மூடியிருந்தது. எலும்பு திரும்ப வளர்ந்திருக்கிறது! பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வாரம் முன்பே ஓரம் மங்க ஆரம்பித்துவிட்டது. நான் லேசர் பவரைக் கூட்டிக் கூட்டிச் சமாளித்திருக்கிறேன். என் கையில் நன்றாகப் பழகிய எலி. அன்றே நின்று கவனித்திருக்கலாமே என்று இன்னும் உறுத்துகிறது.

உப்புநீர்:
எனக்கு எலும்பைத் தூக்கிய நொடி. டிரில் வட்டம் முடிந்து, தொட்டால் துண்டு அசைகிறது. ஒரு மூலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் சீவாமல் ஃபோர்செப்ஸால் நெம்பிவிட்டேன். மூளையைப் போர்த்திய டியூரா சவ்வும் கூடவே வந்துவிட்டது. முதலில் குண்டூசித் தலை அளவு சிவப்பு, அப்புறம் குழி முழுக்க. உப்புநீரில் நனைத்த ஜெல்ஃபோம் பஞ்சை வைத்து ரத்தத்தை நிறுத்தினேன். எலி பிழைத்தது, சன்னல் மட்டும் கடைசி வரை தெளியவே இல்லை.

மெல்லோடு:
கவட்டைக்குழாய், உங்கள் கண்ணாடி டியூராமேல் அழுந்தி உட்காரவில்லை. இடைவெளி இருந்தால் எலும்பு வரத்தான் செய்யும். எனக்கும் ஒரு முறை வந்தது, அதோடு மண்டையோட்டைத் திறப்பதை விட்டுவிட்டு, அதைச் சுரண்டி மெலிதாக்கி அதன் வழியே பார்க்கும் முறைக்கு மாறிவிட்டேன். திறப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அறுவைக்கு முன்பே டெக்ஸாமெத்தசோன் போடுங்கள், மூளை வீங்காது. டிரில்லை ஒரே இடத்தில் வைத்து அழுத்தாதீர்கள். சூடு உள்ளே இறங்கும். சில நொடிக்கொரு முறை நிறுத்தி உப்புநீர் விடுங்கள். துளைக்குள் இறங்கும் சின்னக் கண்ணாடியைப் பெரிய கண்ணாடியோடு ஒட்டி, அடைப்பு மாதிரி வையுங்கள். பல் சிமெண்ட் போடும் முன் ஓரம் காய்ந்திருக்கணும். ஈரத்தில் போட்டால், தலையை அசையாமல் பிடிக்க ஒட்டும் ஹெட்பிளேட் தகடு ஒரு நாள் கையோடு வரும். வலி மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். படமெடுக்குமுன் அழற்சி அடங்க இரண்டு வாரமாவது பொறுங்கள்.

கவட்டைக்குழாய்:
அடைப்புக் கண்ணாடிதான் வைத்திருந்தேன். வளர்ந்ததை நான் பார்க்காமல் விட்டதைத்தான் சொன்னேன்.

ஆழ்லென்ஸ்:
மெலிதாக்கிய மண்டையோட்டைத் திரும்பத் திரும்பச் சுரண்ட வேண்டிவரும். சில தடவைக்கு மேல் தாங்காது, மாதக்கணக்கான வேலைக்கு அதை எப்படி நம்புவது?

என் கதை புறணிக்கு அடியில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி. மேலே இருந்த புறணியை உறிஞ்சி எடுத்து, 1 மி.மீ. கிரின் லென்ஸ் என்ற குச்சி மாதிரியான லென்ஸை இறக்கியிருந்தேன். மூன்று வாரமும், எலியின் தலையில் மாட்டும் குட்டி நுண்ணோக்கியான மினிஸ்கோப்பில் வெறும் சாம்பல் நிறம். இந்த எலி வேண்டாம் என்று பதிவேட்டில் எழுதியும் விட்டேன். சரி, கழற்றுமுன் கடைசியாக ஒரு தடவை என்று ஃபோகஸைத் திருகினேன். எலி பெட்டியின் மூலைக்குப் போய்ப் பின்னங்காலில் எழுந்து நின்று முகர்ந்தது. திரையின் இடது ஓரத்தில் ஒரு செல் பளிச்சென்று எரிந்து அணைந்தது. திரும்ப அதே மூலைக்குப் போனது, திரும்ப அதே செல். பதிவேட்டில் எழுதியதை அடித்தேன். அதற்கு முன் அப்படி எழுதி அனுப்பிய இரண்டு எலிகளின் எண்கள் அதே பக்கத்தில், அதற்கு மேலேயே இருந்தன.