பயிற்சியாளர் இல்லாமல் எடைப் பயிற்சியைப் பாதுகாப்பாகத் தொடங்குவது எப்படி?

கேள்வி (ஆர்.கே.புரம், தில்லி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. மத்திய அரசு அலுவலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. நடைப்பயிற்சியைத் தவிர வேறு எந்த உடற்பயிற்சியும் செய்து பழக்கமில்லை. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அழுத்தம் கட்டுக்குள் இருப்பதால் எடைப் பயிற்சி செய்யலாம் என்று சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்ட) மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டருகே ஒரு ஜிம்மில் சேர்ந்தும் விட்டேன். ஆனால் தனிப் பயிற்சியாளருக்கு அவர்கள் கேட்கும் தொகை எனக்குக் கட்டுப்படியாகாது. முதுகையோ தோளையோ கெடுத்துக்கொள்ளாமல் நானாகவே தொடங்க முடியுமா? எவ்வளவு எடையில் தொடங்குவது, எப்போது கூட்டுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (மயூர் விஹார்)

வணக்கம் ஐயா. தாராளமாகத் தொடங்கலாம். மருத்துவரை முதலிலேயே பார்த்துவிட்டது நல்ல காரியம்.

உங்களுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் மூச்சைப் பற்றி முதலில் சொல்கிறேன். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கித் தம் கட்டுவது எல்லோருக்கும் தானாக வரும் பழக்கம். அப்படிச் செய்யும் நொடியில் அழுத்தம் வெகுவாக உயரும். எனவே எடையை உயர்த்தும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். மூச்சை அடக்காமல் தூக்க முடியவில்லை என்றால், அந்த எடை இப்போதைக்கு உங்களுக்கு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்திற்கு இரண்டு நாள் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பெரிய தசைகள் அனைத்திற்கும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வேலை கொடுக்கச் சொல்கிறது. உட்கார்ந்து எழுதல், குனிந்து தூக்குதல், தள்ளுதல், இழுத்தல் ஆகிய நான்கு அசைவுகளும் வந்துவிட்டால் உடல் முழுவதற்கும் பயிற்சி கிடைத்துவிடும். உட்கார்ந்து எழுவதற்கு முதலில் எடையே வேண்டாம். ஒரு நாற்காலியின் விளிம்பைத் தொட்டுவிட்டு எழுந்திருங்கள். அது எளிதான பிறகு ஒரு டம்பெல்லை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். குனிந்து தூக்குவதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். வீட்டில் எரிவாயு சிலிண்டரை நகர்த்தும்போது முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு இழுக்கிறோமே, அதே தப்பைத்தான் டெட்லிஃப்டிலும் (தரையில் உள்ள எடையைக் குனிந்து தூக்கி நிமிரும் பயிற்சி) செய்கிறோம். முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகு நேராக இருக்கும்படி குனிய வேண்டும். எடை காலை ஒட்டியே மேலேறி வர வேண்டும்.

எடையைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு அளவுகோல் போதும். 10 அல்லது 12 முறை செய்து முடித்த பிறகும் இன்னும் மூன்று முறை ஒழுங்காகச் செய்யலாம் என்று தோன்ற வேண்டும். இப்படி இடைவிடாமல் செய்யும் 10, 12 முறை சேர்ந்தது ஒரு செட். தொடக்கத்தில் இரண்டு செட்டுக்கு மேல் வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு பயிற்சி நாள்களில் எல்லா செட்டையும் சிரமமின்றி முடித்த பிறகு, ஜிம்மில் உள்ள மிகச் சிறிய அளவு எதுவோ அதை மட்டும் கூட்டுங்கள். அத்துடன், கைப்பேசியைப் பக்கவாட்டில் வைத்து ஒரு செட்டைப் படம் பிடித்துப் பாருங்கள். எந்த இடத்தில் முதுகு வளைகிறது, எப்போது குதிகால் தரையை விட்டு எழும்புகிறது என்பதெல்லாம் கண்ணாடியில் தெரியாவிட்டாலும் அதில் தெரிந்துவிடும்.

பதில் (ஜனக்புரி)

மேலே சகோதரி எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் முதல் சில வாரங்களுக்கு லெக் பிரஸ் (காலால் தள்ளுவது), லேட் புல்டவுன் (மேலிருந்து கீழே இழுப்பது), செஸ்ட் பிரஸ் (மார்புக்கு முன்னே தள்ளுவது) போன்ற மெஷின்களில் பழகிவிட்டு டம்பெல்லுக்கு வருவது நல்லது என்பது என் கருத்து. மெஷினில் பாரம் செல்லும் பாதை மாறாது. கை சோர்ந்தாலும் எடை நம் மேல் விழாது.

தனியாகப் பயிற்சி செய்பவருக்கு உண்மையான ஆபத்து பெஞ்ச் பிரஸ்ஸில்தான், அதாவது பெஞ்சில் படுத்துக் கம்பியை மார்பிலிருந்து மேலே தள்ளும் பயிற்சியில்தான் இருக்கிறது. ஒலிம்பிக் அளவுக் கம்பி, பிளேட் (எடை வட்டு) எதுவும் மாட்டாமலேயே 20 கிலோ. இது தெரியாமல் இருபுறமும் பத்துப் பத்து கிலோ மாட்டிக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. கம்பி மார்பின் மேல் இறங்கி, மீண்டும் ஏறாமல் நின்றுவிட்டால் அருகில் ஒருவர் இருந்தாக வேண்டும். எனவே பக்கத்தில் இருப்பவரிடம் “பாயி சாப், ஒரு செட்டுக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தில்லி ஜிம்களில் யாரும் மறுப்பதில்லை. ஆள் இல்லாவிட்டால் டம்பெல்லில் செய்யுங்கள், அல்லது தண்டால் எடுங்கள். கையைச் சுவரிலோ மேசையிலோ ஊன்றித் தண்டால் எடுத்தாலும் அது பயிற்சிதான்.

டிசம்பர், ஜனவரிக் காலைகளில் உடல் சூடேறவே நேரமாகும். பத்து நிமிடம் நடந்துவிட்டு, ஒவ்வொரு பயிற்சியையும் மிகக் குறைந்த எடையில் ஒரு செட் செய்த பிறகே உரிய எடையைத் தொடுங்கள். புகைமூட்டம் கடுமையாக இருக்கும் நாள்களில் பூங்காவில் உள்ள திறந்தவெளி ஜிம்முக்குப் போகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று தொடங்கினேன். இன்று இரு தொடைகளும் கனத்து வலிக்கின்றன. மெட்ரோ நிலையப் படிகளில் இறங்குவதே சிரமமாக இருந்தது. இது இயல்பானதுதானா? புரதத் தூள் வாங்க வேண்டும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள், அது அவசியமா?

பதில் (மயூர் விஹார்)

இயல்பானதுதான் ஐயா. புதிதாக உழைத்த தசையில் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி மிகுந்து, பிறகு தானே தணியும். அதுவரை மெதுவாக நடந்துகொண்டிருங்கள். கால் பயிற்சியை வலி குறைந்த பிறகு மீண்டும் செய்யலாம். ஆனால் மூட்டில் ஊசி குத்துவதுபோன்ற வலி, ஒரு பக்கத்தில் மட்டும் வீக்கம், கையிலோ காலிலோ மரத்துப்போகும் உணர்வு ஆகியவை வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியின் நடுவில் நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தாலும், பின்னர் சிறுநீர் கறுத்துப் போனாலும் சிறிதும் தாமதிக்கக் கூடாது. நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

புரதத் தூளுக்கு இப்போது அவசரமில்லை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020இல் பரிந்துரைத்த புரத அளவு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 0.83 கிராம். பயிற்சி செய்பவருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். நம் வீடுகளில் காலை இட்லியிலும் மதியச் சோற்றிலும் மாவுச்சத்துதான் மிகுதி. எனவே சாம்பாரில் பருப்பைக் கெட்டியாகப் போடச் சொல்லுங்கள். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவில் தயிரோ பனீரோ சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடுபவர் என்றால் ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 6 கிராம் புரதம் கிடைத்துவிடும்.