தங்கையின் கையில் அப்பாவின் கையொப்பம்: கலியாணத்துக்காக அழிக்கத்தான் வேண்டுமா?

உரும்பிராய் அண்ணன்:
வணக்கம். எங்கள் வீட்டில் சில கிழமைகளாக ஓயாமல் நடக்கும் ஒரு வாக்குவாதத்தை இங்கே வைக்கிறேன். என் தங்கையின் இடது முன்னங்கையின் உட்புறத்தில் காலஞ்சென்ற எங்கள் அப்பாவின் கையொப்பம் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. அப்பா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் முகாமையாளராக இருந்தவர். பழைய பற்றுச்சீட்டு ஒன்றில் அவர் இட்ட ஒப்பத்தை, கடைசி எழுத்தின் வாலை இடப்பக்கம் இழுத்து அதன் கீழே இரண்டு புள்ளி வைக்கும் அவருடைய பழக்கம் உட்பட, அப்படியே பிரதி எடுத்துக் குத்துவித்திருக்கிறாள். பக்கத்தில் அழகுக்காக ஒரு சிறிய சிவப்புச் செவ்வரத்தம்பூவும் உண்டு.

ஆவணியில் அவளுக்குக் கலியாணம் முற்றாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள்தான். ஆனால் தாலி கட்டுவதற்கு முன் லேசர் செய்து இதை அழித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் தாயார் சொல்லியனுப்பியிருக்கிறார். அம்மாவும் உடன்பட்டுவிட்டார். தங்கையோ கையொப்பத்தை விடமாட்டேன் என்கிறாள். பூவை மட்டும் ஏன்தான் குத்தினேனோ என்று தனக்கே தோன்றுவதாகச் சொல்கிறாள். அந்தச் சிவப்புப் பகுதி அண்மைக்காலமாகத் தடித்துக் கடிக்கிறதாம். இப்போது பங்குனி பிறந்துவிட்டது. தகப்பன் இல்லாத வீட்டில் மூத்தவனாகிய நான் யார் பக்கம் நிற்பது?

நல்லூர் வாத்தியார்:
தம்பி, அழிப்பதே நல்லது என்பது என் கருத்து. தகப்பன் மீது பாசம் இருந்தால் அவருடைய திவசத்தை ஒழுங்காகச் செய்யலாம், அவர் பெயரில் நாலு பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுக்கலாம். தோலில் எழுதித்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. எங்கள் தலைமுறைக்கு உடம்பில் ஓர் அடையாளம் என்றால் வேறு ஞாபகம் வரும். சோதனைச் சாவடியில் சட்டையைக் கழற்றச் சொல்லி, முழங்கையிலும் முழங்காலிலும் தழும்பு தேடி, சைக்கிளால் விழுந்த காயத்துக்குக்கூட விளக்கம் கேட்ட காலத்தில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாங்கள். உடம்பில் ஒரு குறியும் இல்லாதிருப்பதே பாதுகாப்பு என்று அன்று பழகிய மனம் இன்றும் மாறவில்லை.

அது பழைய கதை என்றும் ஒதுக்க முடியாது. 2014 இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணொருவரைக் கட்டுநாயக்காவில் வந்து இறங்கியதும் கைது செய்து, பிறகு நாடுகடத்தினார்கள். நல்லூர்த் திருவிழாவில் ஆண்கள் மேலாடையைக் கழற்றிக்கொண்டு உள்ளே வரும்போது, இளம் பெடியன்களின் தோளிலும் முதுகிலும் கழுகும் மண்டையோடும் தெரிகின்றன. ஐம்பது வயதில் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே வீதியில் நிற்கும்போது அவர்களுக்கு அந்த மண்டையோடு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். தவிரவும், எங்கள் பெண்களிடம் இந்த வழக்கம் இருந்ததே இல்லை.

கிளிநொச்சிக்காரி:
ஐயா, எந்த எல்லைக்குள் நின்றுகொண்டு ‘எங்கள் பெண்கள்’ என்கிறீர்கள்? 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. என் அம்மம்மாவின் இரண்டு முன்னங்கைகளிலும் புள்ளிக்கோலம் இருந்தது. லயத்து வாசலில் குறத்தி ஒருத்தி உட்கார்ந்து, விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்து, ஊசியால் குத்தியதாம். நான் பார்த்த காலத்தில் கறுப்பு மங்கி, நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறமாகியிருந்தது. தோல் சுருங்கிய இடங்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நான் யாழ்ப்பாணத்தில் படிக்க வந்தபோது, என்னைப் பார்க்க வந்த அம்மம்மாவின் கையைக் கண்டுவிட்டுத் ‘தோட்டத்து ஆக்களோ’ என்று கேட்டவர்கள் உண்டு. பச்சை மீது இங்கு காட்டப்படும் அருவருப்பில் பாதி, அதைக் குத்திக்கொண்ட சனங்கள் மீதான அருவருப்பு என்றே நான் நினைக்கிறேன்.

புத்தர் உருவம் குத்திய பெண்ணின் கதையையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அவர் அடிப்படை உரிமை மீறல் வழக்குத் தொடுத்து, 2017 இல் உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, மொத்தம் 8 இலட்சம் ரூபாய் செலுத்தும்படி உத்தரவிட்டது. சோதனைச் சாவடி பற்றி நீங்கள் எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே 2017 இன் மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டக் கொட்டகைக்குப் போனவர்களுக்குத் தெரியும், மகனின் உடம்பிலிருந்த ஒவ்வொரு மச்சத்தையும் தழும்பையும் அந்தத் தாய்மார் எப்படி மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று. இந்தப் பச்சையை நினைத்து வருந்துகிறவர் மாமியாராக வரப்போகிறவர். அவருடைய வருத்தத்துக்கு இந்தப் பிள்ளையின் தோலைச் சுடச் சொல்கிறீர்களா?

நல்லூர் வாத்தியார்:
பிள்ளை, நான் குடாநாட்டு வழக்கத்தையே சொன்னேன். உங்கள் அம்மம்மாவிடம் அப்படிக் கேட்டவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வயது போகப் போகப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று. கோலம் மங்கினாலும் கோலம்தான். கையொப்பம் மங்கினால் அது யாருடைய எழுத்தும் இல்லாத ஒரு கறை. அப்பாவின் ஒப்பத்தைப் பத்திரப்படுத்த வேண்டுமானால் அந்தப் பற்றுச்சீட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டுவது மேலல்லவா? இன்னொரு வீட்டுக்குள் போகிறவர் எவரும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் போகிறார். வேலையை விட்டுப் போகிறார்கள், ஊரை விட்டுப் போகிறார்கள். இது அவற்றை விடப் பெரியது என்று எனக்குத் தோன்றவில்லை.

மானிப்பாய் தாதி:
கொழும்பில் தனியார் தோல் சிகிச்சை நிலையமொன்றின் லேசர் பகுதியில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள் நான். யார் பக்கம் நிற்பது என்று தீர்மானிப்பதற்கு முன், ஆவணிக்குள் அழிப்பது நடக்கிற காரியமா என்று பார்க்க வேண்டும்.

மை மேற்றோலில் இருப்பதில்லை. அதற்குக் கீழே உட்தோலில், விழுங்கு கலங்களுக்குள் அடைபட்டிருக்கிறது. ஒரு கலம் இறந்தால் அது விட்ட மையை அடுத்த கலம் விழுங்கிக்கொள்கிறது. அதனால்தான் மேற்றோல் உதிர்ந்து உதிர்ந்து புதுப்பிக்கப்பட்டாலும் பச்சை நிலைத்துவிடுகிறது. அந்த ஆழத்துக்குப் போய்ச் சேராத களிம்புகளை வாங்கிப் பூசுவதும் காசுக்குக் கேடு. லேசர் ஒளி, செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு என்று அளக்கும் அளவுக்குக் குறுகிய துடிப்புகளாகப் பாய்ந்து மைத்துகளை நொறுக்குகிறது. நொறுங்கியதை அப்புறப்படுத்துவது உடம்பின் வேலை. நிணநீர் வழியாக அது மெதுவாகவே நடக்கும். அதற்கு அவகாசம் கொடுக்கத்தான் ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடையில் 6 முதல் 8 கிழமை விடுகிறார்கள். கைதேர்ந்தவர் குத்திய பச்சைக்கு ஆறு, எட்டு, சிலருக்குப் பத்துக்கு மேலும் தடவைகள் வேண்டியிருக்கும். பங்குனியிலிருந்து ஆவணி வரை எண்ணிப் பாருங்கள்: மூன்று தடவை, மிஞ்சினால் நான்கு. கலியாணப் படத்தில் பாதி அழிந்த கைதான் இருக்கும்.

நிறமும் ஒரு சிக்கல். கறுப்பு மைக்கு 1064 நனோமீற்றர் அலைநீளம் பயன்படுகிறது. தோலின் மெலனின் அதை அதிகம் உறிஞ்சாததால் எங்களைப் போன்ற கறுத்த தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது. சிவப்புக்கு 532 நனோமீற்றர் பச்சை ஒளி வேண்டும். அதை மெலனினும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், மையோடு சேர்ந்து தோலின் நிறமும் போய் வெளிறிய திட்டு விழலாம், அல்லது கருமை படியலாம். காது குத்திய இடம் கட்டியாகத் தடிக்கிற உடம்பாக இருந்தால் கீலொயிட் தழும்பையும் யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானதை, பூ தடித்துக் கடிக்கிறது என்பதை, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஒவ்வாமை மற்ற நிறங்களை விடச் சிவப்பு மைக்கே கூடுதலாக வருகிறது. குத்தி மாதங்களோ வருடங்களோ கழித்தும் வரலாம். அப்படிப்பட்ட மையை இந்த லேசரால் நொறுக்கியபோது, துகள்கள் பரவி உடம்பு முழுவதும் ஒவ்வாமை கிளம்பிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் அழிக்கச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அந்தப் பூவை ஒரு தோல் வைத்திய நிபுணர் பார்த்தாக வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அதற்கான கிளினிக் இருக்கிறது.

ஊசிக்காரன்:
யாழ்ப்பாண நகரில் பச்சை குத்துவதைத் தொழிலாகச் செய்பவன் நான். ஆகவே என் பேச்சில் வியாபாரம் கலந்திருக்கும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பழைய பச்சையை மறைத்துத் தரும்படி என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் காதலியின் பெயரையோ காதலனின் பெயரையோ சுமந்துகொண்டு வருகிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு மருத்துவப் பரிசோதனை வருகிறது என்று பதறிக்கொண்டு வருபவர்களும் உண்டு. இறந்துபோன தாய் தகப்பனுக்காகக் குத்தியதை மறைக்கச் சொல்லி இதுவரை ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. கோடு விரியும் என்று வாத்தியார் ஐயா எழுதியது சரிதான். ஆனால் எழுத்துகளுக்கிடையே போதிய இடைவெளி விட்டுக் குத்தியிருந்தால் நெடுங்காலம் வாசிக்கலாம். மங்கினால் அதே கோட்டின் மேல் திரும்பவும் ஓடலாம். பூ பிடிக்கவில்லை என்றால் அதன் மேல் கறுப்பில் ஓர் இலை போட்டு மூடலாமே. லேசருக்குக் கொட்டும் காசில் மிகச் சிறு பங்குதான் செலவாகும்.

மானிப்பாய் தாதி:
தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். ஒவ்வாமையால் தடித்திருக்கும் இடத்தில் புதிதாக மை ஏற்றுவது எந்த நிறமானாலும் தவறு. அடியில் சிவப்பு அப்படியே இருக்கும். மேலே இலை இருப்பதால் தடிப்புக் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதும் கடினமாகிவிடும்.

கிளிநொச்சிக்காரி:
தாதி சொன்னதன் பிறகு ஆவணிக்குள் லேசர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மணமேடையில் யாருடைய கண்ணையும் உறுத்தக்கூடாது என்பதுதான் கவலை என்றால், மணப்பெண்ணுக்கு முழங்கை வரை மருதோன்றி போடுவது இப்போது எங்கும் நடக்கிறது; அன்றைக்கு அந்தக் கையொப்பம் கோலத்தோடு கோலமாக நிற்கும். மங்கினால் கறை என்கிறீர்கள், ஐயா. என் அம்மம்மாவின் கோலம் மங்கியது பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. கடைசிக் காலத்தில் கண் தெரியாதபோதும், தன் தாய் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொண்ட கை என்று தடவிக் காட்டுவார். அதை வாசிக்க வேண்டியவர் அவர் ஒருவர்தானே? கண்ணாடிச் சட்டத்துக்குள் போடுகிற கடதாசி, வீடு விட்டு ஓடும்போது சுவரிலேயே நின்றுவிடும். 1995 இல் குடாநாட்டை விட்டு ஓடியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மானிப்பாய் தாதி:
மருதோன்றி என்றால் இலையை அரைத்துப் போடுவது, அல்லது கலப்படம் இல்லாதது என்று தெரிந்த பொடி. சீக்கிரம் கருமையாகப் பிடிக்கும் என்று விற்கிற கறுப்பு மருதாணியில் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பீபீடீ இருக்கக்கூடும். அது நல்ல தோலையே கொப்புளமாக்கிவிடும். எதைப் போட்டாலும் பூவின் மேலும் அதைச் சுற்றியும் போட வேண்டாம்.

உரும்பிராய் அண்ணன்:
அனைவருக்கும் நன்றி. இவற்றைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். பூவுக்கு வைத்தியம் செய்ய ஒத்துக்கொண்டாள். கையொப்பத்தைப் பற்றி அவளுடைய பதில் முன்பு சொன்னதுதான். மூன்று தடவையில் முடியாது என்பதை அம்மா நம்ப மறுக்கிறார். கொழும்பில் ஒரே நாளில் அழித்துத் தருவதாக யாரோ கைத்தொலைபேசியில் விளம்பரம் காட்டியிருக்கிறார்கள். நான் தங்கை பக்கம்தான் நிற்கப்போகிறேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்கு இதை எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது என் தலையிடி.

நல்லூர் வாத்தியார்:
என் கருத்து மாறவில்லை. என் மகளாக இருந்தால் இன்றும் அழிக்கத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் முடியாத காரியத்துக்குத் தவணை கொடுத்துவிட்டு ஆவணியில் போய் முகம் கறுக்கக்கூடாது. தொலைபேசியில் சொல்லாதீர்கள். தாய்மாமன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரே போய், வைத்தியர் எழுதித் தருவதையும் காட்டிச் சொல்லுங்கள். மாப்பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இவ்வளவு எழுதியும் அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறார் என்பது இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

மானிப்பாய் தாதி:
கிளினிக்குக்குப் போகும்போது, குத்தியவரிடம் கேட்டு அந்தச் சிவப்பு மையின் போத்தலைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பெயரும் தொகுதி இலக்கமும் தெளிவாகத் தெரிய வேண்டும். போவதற்கு முதல் நாளிலிருந்தே பூவின் மேல் எண்ணெயோ களிம்போ பூச வேண்டாம், வைத்தியர் தடிப்பை உள்ளபடி பார்க்கட்டும். ஒரே நாள் விளம்பரத்தையும் அம்மாவோடு சேர்ந்து அவரிடமே காட்டுங்கள்.